பின்கதவு பூட்டியிருந்த எட்டு வாரங்கள்

ஓல்டம்,
1997 ஜனவரி 19, ஞாயிறு

அன்புள்ள கீத்,

இங்கே இருவரும் சுகம். உன் அம்மாவின் இடுப்பு நன்றாக ஆறிவிட்டது. கைத்தடியை எங்கேயாவது வைத்துவிட்டு, "என் தடிய எவ எடுத்தா?" என்று வீட்டில் இருக்கும் ஒரே ஆளான என்னை அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். பனி மூன்று நாள் பெய்து கரைந்துவிட்டது. நூலகத்தில் எனக்குக் காலை வேலை மட்டும்தான் என்று உறுதியாகிவிட்டது. ஒரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறேன். உலகத்தின் தென்கோடியில் நீ இருக்கும் இடத்தில் இப்போது கோடை என்றாலும், வேலை நடக்கும் துறைமுகத்தில் காற்று ஆளைத் தூக்குகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கம்பளிச் சட்டையை வேலைக்குப் போட்டு வீணாக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னார். போட்டுக்கொள் என்று நான் சொல்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனில் உன்னால் எதையும் மறைக்கவும் முடியாது. தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டு முடிவு செய். விஷயம் இதுதான்: பிப்ரவரி கடைசியில் நீ கையெழுத்துப் போட வேண்டிய இந்த வீட்டின் விற்பனையை நிறுத்திவிடு. அம்மா சம்மதித்தது உண்மை. ஆனால் அந்தச் சம்மதம் என் தவறால் வந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போவதற்கு முன் கூரையில் வைத்துவிட்டுப் போனாயே சாட்டிலைட் தட்டு, அதில் ஒரு சேனலில் அக்டோபரிலிருந்து 'ஆல்மா டெரஸ்' தொடரின் பழைய பகுதிகளைத் திரும்பப் போடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு. இப்போது 1971 நடக்கிறது. நீ கார்பெட்டில் தவழ்ந்துகொண்டிருந்த காலம் என்கிறார் அம்மா. கணக்குப்படி உனக்கு அப்போது ஆறு வயது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் துணைக்குத்தான் உட்கார்ந்தேன். டிவி தொடர் பார்ப்பவர்களை என் அப்பா எப்படி ஏளனம் செய்வார் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் வாரம் நூலகத்திலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தேன். அந்தத் தெருவில் ஒருத்திகூட அழகி இல்லை, கீத். ஒரு குளிர்காலம் முழுவதும் எல்லோருக்கும் ஒரே கோட்டு. கெட்டிலை அடுப்பில் வைத்தால் அது கொதிக்கிறவரை நாமும் காத்திருக்கிறோம். ஒரு பகுதியில் தையல்காரம்மாவின் கணவர் செத்துப்போனார். அடுத்த பகுதியில் அவள் ரொட்டி வாங்கப் போகிறாள், பழக்கத்தில் இருவருக்கு வாங்கிவிடுகிறாள், கடைக்காரர் எதுவும் சொல்லாமல் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். இசை இல்லை, கண்ணீர் இல்லை, அவ்வளவுதான் காட்சி. எத்தனையோ பெரிய நாவல்களில் சாவைப் படித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக இருக்கும். இந்த ரொட்டிக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு நம்பும்படியாக இல்லை. யார் வீட்டுக்குள்ளும் யாரும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. கதையை நகர்த்த எழுத்தாளர் செய்யும் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமைப் பகுதியில், மீன்கடைக்காரிக்கும் தையல்காரம்மாவுக்கும் மனத்தாங்கல். தையல்காரம்மா ஒரு தட்டில் கேக்கோடு மழையில் முற்றத்தைத் தாண்டி வருகிறாள். மீன்கடைக்காரி வீட்டுப் பின்கதவின் கொண்டியைத் தூக்குகிறாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கிறாள். பிறகு ஏப்ரனால் கேக்கை மூடிக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

"போச்சு. சொல்லிட்டா" என்றார் உன் அம்மா.

"என்ன சொன்னா? அவ அந்த இடத்துலயே இல்லையே" என்றேன்.

"கதவப் பூட்டி வெச்சிருக்காளே. அப்புறம் வாயால வேற சொல்லணுமாக்கும்? இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுதான் அர்த்தம்."

"தட்டிப் பாத்திருக்கலாமே."

"தட்றதா? அவ என்ன இன்சூரன்ஸ்காரனா?"

அதன்பிறகு அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஆபரேஷன் முடிந்து அம்மாவை அழைத்து வந்தபோது, கட்டிலை முன்னறையில் போட்டோம். சமையலறைப் பக்கம் அவரால் வர முடியாது. நடக்க முடியாத மனுஷியைத் தனியே விட்டு வேலைக்குப் போகிறேனே என்று நான் பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் இருக்கும்போதும் பூட்டியே வைத்திருந்தேன். தெற்கே டார்செட்டில் என் அம்மா அப்படித்தான் செய்வாள். எட்டு வாரம், அம்மா எழுந்து நடமாடுகிறவரை. கல்யாணமாகி மூன்று வருஷமாக இந்த ஊரில் இருந்தாலும், நாம் இருந்தது ஒரு கடைக்கு மேலே மாடியில். அதற்குப் பின்கதவே கிடையாது. இங்கே பின்கதவைப் பூட்டுவதில்லை என்று நீயும் என்னிடம் சொன்னதில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையே.

அந்த எட்டு வாரத்தில் யாருமே அம்மாவைப் பார்க்க வரவில்லை என்பதை நானும் கவனித்தேன். இந்த வடக்கு ஊர் மக்கள் அன்பானவர்கள் என்று கீத் அளந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று மனதுக்குள் ஏளனமாகக்கூட நினைத்தேன். பக்கத்து வீட்டு பெர்ல் ஒரு நாள் தெருவில், "ஃப்ளோ எப்பிடி இருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்கார், ஓய்வுல இருக்கார்" என்றேன். மரியாதையாகப் பதில் சொன்னதாக எண்ணம்.

புதன்கிழமை பெர்ல் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். போய் நின்றேன். செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்களா என்று கேட்டேன்.

"வந்தேனாவா? மூணு தடவ வந்தேன். ஆட்டுக்கறி ஹாட்பாட் ஒரு தடவ, அரிசி புட்டிங் ரெண்டு தடவ. மூணையும் எங்க வீட்டுக்காரரு வால்டர்தான் முழுங்கினாரு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட வேண்டியதாப் போச்சு."

ஏன் தட்டவில்லை என்றேன்.

"நாப்பத்தோரு வருஷமா தட்டாத கதவ இப்பப் போய்த் தட்டுவேனா? அவளுக்கு என் மேல கோவம்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் அவ புதுத் தொப்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"டீப்பாட்டுக்குப் போடற உறை மாதிரி இருக்குன்னேன்." ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "அப்பிடித்தான் இருந்துச்சு."

பூட்டியது நான், பயந்து பூட்டினேன் என்று சொன்னேன். பெர்ல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெக்க எல்லாரும் பூட்டித்தான் வெப்பீங்களா?"

"ஆமா."

"அடப் பாவமே. அப்ப உங்க வீட்டுக்கெல்லாம் யாரு கண்ணு வருவா?"

தபால்காரர்தான் நினைவுக்கு வந்தார். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தேன்.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இருவரும் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். அவர் நிமிரவில்லை. "எத்தன நாளு?" என்று மட்டும் கேட்டார். எட்டு வாரம் என்றேன். இன்னொரு கிழங்கை எடுத்தார். "பெர்ல் ஹாட்பாட்டுல கிட்னியப் போட்டுக் கெடுப்பா. நான் பொழச்சேன்" என்றார். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வெகுநேரம் கைகழுவினார். நான் அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். "அந்தக் கிழங்க இவ்வளவு தடிமனாச் சீவினா மிச்சம் என்னத்த திங்கறது?" என்று அதட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெர்ல் உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நகந்து உக்காரு ஃப்ளோ. இவ இன்னுமா அந்தக் குடிகாரனக் கட்டிக்கிட்டு அழறா?" என்றார்.

"உஷ். காதுல விழ விடு" என்றார் உன் அம்மா.

எங்கே போயிருந்தாய், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. விளம்பரம் வந்தபோது டீ வைத்தேன். இருவரும் அந்தப் பகுதியை இருபத்தாறு வருஷத்துக்கு முன் இதே அறையில் பார்த்தவர்கள். அடுத்து நடப்பதை எனக்குச் சொல்லாமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வால்டரின் தங்கையும் வந்தார். நாற்காலி போதவில்லை. நான் கார்பெட்டில் உட்கார்ந்தேன். இந்த வீட்டுக்கு வந்தபிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

இனி கஷ்டமான பகுதி. நவம்பரில் நீ போனில் வீட்டைப் பற்றிக் கேட்டபோது அம்மா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "சரிப்பா, வித்துடு. இங்க எனக்கு யாரு இருக்கா?" உனக்கு முதல் பாதி கேட்டிருக்கும். நான் கதவருகில் நின்றேன், இரண்டு பாதியும் கேட்டேன். கேட்டுவிட்டு மாடிக்குப் போய், இந்த வீட்டை விற்ற பணத்தில் வாங்கலாம் என்று செஷயரில் நாம் பார்த்த அந்த வீட்டின் தோட்டத்தில் என்ன வைக்கலாம் என்று காகிதத்தில் படம் போட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின், விற்பனையை நிறுத்தலாமே என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "குடுத்த வாக்குதான் வாக்கு. அவன் அந்தக் காத்துல நின்னு காங்கிரீட் போடறான், அவனுக்குன்னு ஒரு வீடு வேணாமா? நான் போகப்போற அந்த முதியோர் குடியிருப்புல எல்லா ரூமும் சூடா இருக்குமாம். நீ அவனுக்கு ஒண்ணும் எழுதாத, தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வாயால் வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார், கீத். உனக்காகத் தருகிறோம் என்கிற பெருமையையும் விடமாட்டார். அதனால் நீதான் மனம் மாறியவனாக இருக்க வேண்டும். வீடு உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் எதுவும் நடக்காது. வக்கீலுக்கு இப்போதே எழுதிவிடு. வாங்க வந்த தம்பதிக்குப் பெரிய நஷ்டமில்லை, இதே தெருவில் இன்னும் இரண்டு வீடு விலைக்கு நிற்கிறது. தோட்டம் எனக்கு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டும்தான். ஆனால் அது காத்திருக்கும். இங்கே பின்னறையை ஒழித்தால் என் புத்தகங்கள் எல்லாம் அடங்கிவிடும். நேற்று நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கதவைப் பற்றியும் என்னைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை வேண்டாம். செஷயர் உனக்குப் பிடிக்கவில்லை என்று சொல், வேலையிடத்துக்குத் தூரம் என்று சொல், எது வேண்டுமானாலும் சொல். அவர் கண்ணாடி கிடைக்கவில்லை என்று என்னிடம்தான் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். பெர்லும் உட்கார்ந்திருப்பார். நான் எதுவும் தெரியாதவள்போலப் படிப்பேன்.

கடைசியில் ஒரு வரி மட்டும் மறக்காமல் எழுது: "நான் வரும்போது நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும்." அது அம்மாவுக்கான வரி. அவருக்காகத்தான் கேட்கிறேன். ஆனால் அதைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறினால், அவர்கள் இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டு கவனிக்காததுபோல இருந்துவிடுவார்கள்.

காற்று உன்னிடம் கருணையாக இருக்கட்டும். கை பத்திரம்.

உன்
இமோஜென்