இடம் மாறிய மூன்று குட்டிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மழை நாளில் துறைமுகத்துக்கு மீன் கழுவப் போகாதீர்கள். நான் நலம்தான், கொஞ்சம் களைப்பு, அவ்வளவே.

இந்தப் பண்ணையில் இரண்டு இன முயல்களைக் கலந்து, நிறையக் குட்டி போட்டு எல்லாவற்றையும் தானே வளர்க்கும் தாயை உருவாக்கப் பார்க்கிறார்கள். செவ்வாயன்று அப்படி ஒரு கலப்புத் தாய் பதின்மூன்று குட்டிகள் ஈன்றது. மூன்றுக்குப் பால் எட்டவில்லை. நம் வீட்டில் செய்வதுபோல, பக்கத்துக் கூண்டுத் தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் பரப்பிய ரோமத்தை, அதன் வாசனை ஒட்டும்படி அவற்றின் மேல் தேய்த்து, அதன் குட்டிகளோடு வைத்துவிட்டேன். அதுவும் தன்னுடையவை என்றே பால் கொடுத்தது.

முதலாளியம்மா மதாம் கரிகூ பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! இது எத்தனையத் தானா காப்பாத்துதுன்னு பாக்கத்தானே இவ்வளவு நாளா காத்திருந்தோம்? எதுடி நீ மாத்துன குட்டி, காட்டு!"

எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. எனக்கே தெரியவில்லை.

"ரெண்டு தாயோட சோதனையும் போச்சு. நாளையிலேருந்து உன் நல்ல மனச வாசல்லயே கழட்டி வச்சுட்டு உள்ள வா."

நாளையிலிருந்து என்றாரே, அதனால் வேலை போகவில்லை. கவலைப்படாதீர்கள். குட்டிகள் எல்லாவற்றுக்கும் வயிறு நிறைந்திருக்கிறது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். உங்கள் பழைய கழுத்துத்துணியையும் வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம் அம்மா, அப்படியே மடித்து அனுப்புங்கள்.

தீவன வண்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
சோலான்ஜ்