வ்ர்பினாவை விசாரித்த கிழமை

ஒக்ரோபர் 6, திங்கள்

பேர்ணில் பனிப்புகார். ஆரே ஆறு அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை. வலது முழங்கால் வழக்கம்போல. எண்ணெய் பூசினேன், மணம் மட்டும் மிச்சம்.

காலையிலேயே தர்சினியின் செய்தி: "ஞாயிறு மத்தியானம் ஒந்த்ரேயின்ரை அப்பா அம்மா வருகினம். மறந்திடாதேங்கோ." எப்படி மறக்கிறது? ஒரு செக் பொடியனைக் கட்டப்போகிறேன் என்று மகள் வந்து சொன்னதிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை. பொடியன் நல்லவன். சூரிச்சில் அவளோடு ஒரே கந்தோரில் வேலை. சப்பாத்தை வாசலில் கழற்றுகிறான். என் இறைச்சிக் கறியைச் சாப்பிட்டுக் கண்ணீர் விடுகிறான், பிறகு இன்னும் கேட்கிறான். வேறென்ன வேண்டும்?

என் மனுசி பவானிக்கு வேண்டும். "எந்த ஊர், என்ன ஆக்கள் எண்டு விசாரிக்காமல் என்னெண்டு ஓம் சொல்லுறது?"

அவள் சொல்வதும் சரிதான். என்னை விசாரிக்க அவளுடைய மாமா சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்தவர். சங்கக்கடையில் சோடா குடித்துவிட்டு, அடுத்த ஊர்த் தபால்காரரைப் பிடித்து, என் தகப்பன் குடிப்பாரா என்பதுவரை அறிந்துகொண்டு போனார். உள்ளூர்க்காரனைக் கேட்கக்கூடாது, மூடி மறைப்பான். அடுத்த ஊர்க்காரனைத்தான் கேட்கவேண்டும். முறை அது. செக் நாட்டில் அடுத்த ஊர்க்காரனுக்கு நான் எங்கே போக?

கைபேசியில் மேலிருந்து எடுத்த படம் பார்த்தேன். பொடியனின் ஊர், வ்ர்பினா. பள்ளத்துக்குள் ஊர். ஒரு தெரு, ஒரு குளம், ஒரு தேவாலயம். மூன்று பக்கமும் மலைக்காடு. மேற்கே காட்டைத் தாண்டினால் ஜெர்மனி. புல்லுக்குள் சதுரம் சதுரமாக ஏதோ கோடுகள், என்னவென்று விளங்கவில்லை. தோட்டமாக்கும்.

பெயரை உச்சரிக்க முயன்றேன். பல் கழன்றுவிடும்போல இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

மழை. ஆஸ்பத்திரிச் சமையலறை, தட்டு கழுவும் பக்கம். நீராவியும் சத்தமும். ஒருவர் லீவு, அதனால் எனக்கு இருவர் வேலை.

அடுத்த ஊர்க்காரி கிடைத்துவிட்டாள்! யானா, எங்கள் பத்தியச் சாப்பாட்டுப் பகுதியில் வேலை. இத்தனை வருடம் ஒன்றாக நின்றும் அவள் செக் என்று மட்டும்தான் தெரியும், எந்த இடமென்று கேட்டதில்லை. இடைவேளையில் கேட்டேன். வ்ர்பினாவிலிருந்து பஸ் வந்து நிற்கும் பட்டினம்தான் அவளுடையது. பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தரமாம்.

"அங்கே என்ன மாதிரி ஆட்கள்?" என்றேன்.

சிரித்தாள். "என்ன மாதிரி என்றால்?"

எப்படிச் சொல்வது? என் டொச்சில், அதுதான் இந்த ஜெர்மன் மொழியில், அதற்குச் சொல் இல்லை. பழைய குடும்பங்களா, எத்தனை தலைமுறை என்றேன்.

கோப்பையை வைத்தாள். "பழைய குடும்பமா? அந்த ஊரில் அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லையே."

பிறகு சொன்னாள். முந்தி அங்கே இருந்தவர்கள் டொச் பேசுகிறவர்கள். நூற்றாண்டுக்கணக்காக. உருளைக்கிழங்கு, ரை தானியம், கண்ணாடி உருக்குகிற ஒரு பட்டறை. ஊருக்குப் பெயரும் வேறு. பெரிய யுத்தம் முடிந்ததும் அவர்களைக் கையில் தூக்கக்கூடிய சாமானோடு எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். ஹிட்லரோடு நின்றவன், நில்லாதவன், கைக்குழந்தை, எல்லாரும் ஒன்றாக. வெற்று வீடுகளுக்கு வேறு திசைகளிலிருந்து ஏழைச் சனத்தைக் கொண்டுவந்து இருத்தினார்கள். பிறகு எல்லைக்கு முட்கம்பி வந்தது. கம்பிக்குக் கிட்டவாக இருந்த வீடுகள் இடிபட்டன. நான் படத்தில் பார்த்த சதுரங்கள் அத்திவாரங்களாம்.

"காட்டுக்குள் தனியே ஒரு ஆப்பிள் மரம் நின்றால் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம்," என்றாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்றால் கிணறு.

பொடியனின் வீடும் அப்படித்தானா என்று கேட்டேன். பூட்டன் காலத்தில் வந்தவர்களாகத்தான் இருக்கும் என்றாள்.

மத்தியானத் தட்டுகள் வந்துவிட்டன. போய்க் கழுவினேன்.

ஒக்ரோபர் 8, புதன்

லீவு. நாள் முழுக்கக் கட்டில். காலைத் தூக்கித் தலையணையில் வைத்தபடி இதையே யோசித்தேன். பவானியிடம் சொல்வதா, விடுவதா?

பிரச்சினை அவளுடைய வீடு. ஊரில் அவளுக்குக் கிடைத்த சீதன வீடு, தாய்க்கு அவவின் தாய் கொடுத்தது. தர்சினி பிறந்த அன்றே, இங்கே பேர்ண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "வீடு இவளுக்கு" என்று சொன்னவள். சண்டைக்குள் விட்டுவிட்டு வந்த வீடு. இப்போது அதில் யாரோ இருக்கிறார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது. மச்சான் ஒருவர் அந்தத் தெருவால் போனபோது யன்னலில் புதுத் திரைச்சீலை கண்டாராம். அதைக் கேட்ட பிறகு பவானி வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் இல்லை.

சொல்லாமல் விடுவது நல்லது. களைப்பாக இருக்கிறது.

ஒக்ரோபர் 9, வியாழன்

சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா கிடக்குமா!

இரவுச் சாப்பாட்டில் கேட்டாள். "என்னப்பா, விசாரிச்சனீங்களோ?" குளம், காடு, இந்த மாதத்தில் குளத்தை வடியவிட்டு மீன் பிடிப்பது, எல்லாம் சொன்னேன். அதோடு நிற்பாட்டியிருக்கலாம். பழைய குடும்பங்களோ என்றாள். பொய் சொல்ல வரவில்லை.

புட்டைப் பிசைந்தாள். பிறகு: "அப்ப ஆரோ விட்டிட்டுப் போன வீட்டிலைதான் இருக்கினம்."

"அது எப்பவோ நடந்தது, பவானி. அவையும் அனுப்பப்பட்ட சனம்."

"என்ரை வீட்டிலை இருக்கிறவையும் அப்பிடித்தான் சொல்லுவினம். ஆரோ இருத்தினது, நாங்கள் இருக்கிறம் எண்டு."

அவளுக்கு இன்னும் கொஞ்சம் கறி அள்ளினேன், தள்ளிவிட்டாள்.

"வரட்டும். நீங்கள் சாப்பாடு குடுங்கோ. நான் அவையோடை ஒரு மேசையிலை இருக்கமாட்டன்."

சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். முதியோர் இல்லத்துச் சலவையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், பாதிச் சாப்பாட்டோடு. எனக்கு என்மேலே கோபம்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

பனிப்புகார் திரும்ப. தாய் தர்சினிக்குச் சொல்லியிருக்கிறாள். இடைவேளையில் தர்சினி எனக்குப் போன் எடுத்தாள்.

"யானாட்டை என்ன கேட்டனீங்கள், அப்பா? சாதியோ?"

"ஐயோ, ஊர்தான் கேட்டனான்."

"ஊர் எண்டு நீங்கள் கேட்டால் என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியாதோ? இஞ்சை பிறந்தனான் எண்டு நான் மொக்கோ?"

முழுப்பொய்யும் இல்லை அவள் சொல்வது. எங்கள் ஆட்கள் ஊர் கேட்பதே அதற்குத்தான். ஆனால் நான் அதற்காகக் கேட்கவில்லை என்று சத்தியமாகச் சொன்னேன். நம்பினாளோ தெரியாது.

அழுதுகொண்டு சொன்னாள்: "ஞாயிறு அம்மா வந்து மேசையிலை இருக்காட்டி, நான் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டன். அம்மாட்டைச் சொல்லுங்கோ."

அவள் சொன்னால் செய்வாள். தாயின் பிடிவாதம் அப்படியே.

பவானியிடம் சொன்னேன். "அவளுக்கெண்டு வைச்ச வீட்டுக்காகத்தான் நான் கதைக்கிறன். அது விளங்கேல்லை அவளுக்கு," என்றாள். மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஒக்ரோபர் 11, சனி

தமிழ்க் கடை. கத்தரிக்காய், கோழி, பச்சைமிளகாய் (கொஞ்சம்), தயிர். சம்பந்திக்கு உறைப்பில்லாமல் ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி. பை கனம். ட்ராமில் இருக்க இடமில்லை.

பவானி தூசி தட்டினாள், மேசைவிரிப்பை இஸ்திரி போட்டு மினுக்கினாள், வாசல் துடைத்தாள். "நாளைக்கு மேசைக்கு வருவாய்தானே?" என்று கேட்டேன். "அறை இருக்குதுதானே எனக்கு," என்றாள்.

போங்கோ எல்லாரும். எனக்கு வயது போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் படுத்து எழும்ப ஆசை, அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

வெயில். இந்தக் கிழமை முதல்தரம்.

வந்தார்கள். தகப்பன் மிலான், காட்டிலாகாவில் மரம் வெட்டுகிறவர், கதவு நிறைந்த ஆள். டொச் தெரியாது, சிரிப்பு மட்டும். தாய் வேரா எல்லைக்கு அப்பால் ஜெர்மன் பக்கம் போய்த் துப்புரவு வேலை செய்கிறவ. அவவின் டொச் எங்களுடையதைப் போலவே நொண்டி. கொண்டுவந்தவை: குளத்து மீன் புகைபோட்டு ஒரு பொதி, உலர்ந்த காளான், பிளம்ஸ் சாராயம். நால்வருமாக வாசலில் வரிசையாகச் சப்பாத்துக் கழற்றினார்கள், மகள் உட்பட.

"அம்மா?" என்றாள் தர்சினி.

"தலையிடி," என்றேன். அறைக்கதவைப் பார்த்தாள். முகம் கல்லாகிவிட்டது.

மேசையடியில் ஒரு கதிரை வெறுமை, பவானி இருக்கவேண்டியது. மிலான் கத்தரிக்காயைப் புகழ்கிறார், ஒந்த்ரேய் மொழிபெயர்க்கிறான், தர்சினி ஒரு பருக்கை தொடவில்லை. சாப்பாடு முடிந்தால் எழும்பிப் போய்விடுவாள், பிறகு வரமாட்டாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அப்போது கதவு திறந்தது. பவானி. தலை இழுத்துச் சீவி, நல்ல சீலை உடுத்து. வெறுங்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இருக்கவில்லை. வணக்கமும் இல்லை. நேரே வேராவிடம், டொச்சில்:

"நீங்கள் இருக்கும் வீடு யாருடையது?"

"அம்மா!" தர்சினி.

ஒந்த்ரேய் சிவந்துபோனான். வேரா முள்ளுக்கரண்டியை வைத்தா.

"என் கணவரின் பாட்டனார் வந்தபோது அடுப்பில் பாத்திரம் இருந்ததாம். சொந்தக்காரரின் பெயர் வாசல்நிலையில் செதுக்கியிருக்கிறது. நாங்கள் அழிக்கவில்லை."

"அவர்கள் வரவில்லையா?"

"வந்தார்கள். எல்லை திறந்த பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு பஸ், எல்லாரும் வயதானவர்கள். ஒரு பெண் எங்கள் வாசற்படலைக்கு வந்தார். நான் புது மருமகள். மாமியார் என்னை இழுத்துத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எங்களுக்குப் பயம்."

"கதவைத் தட்டினாரா?"

"தட்டினார். நான் திறக்கவில்லை."

"பிறகு?"

"பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒருபோதும் வரவில்லை."

மிலானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவரும் கரண்டியை வைத்துவிட்டார்.

"எனக்கும் ஒரு வீடு இருக்கிறது," என்றாள் பவானி. என் காதால் கேட்கிறேன், இத்தனை வருடத்துக்குப் பிறகு. "வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் போய்த் தட்டினால் திறப்பார்களா?"

வேரா அவளைப் பார்த்தா. கண் கலங்கியிருந்தது. திறப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம், விருந்துக்கு வந்த இடத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"தெரியாது," என்றா. "நான் திறக்கவில்லை."

பவானி கதிரையை இழுத்து அவவுக்குப் பக்கத்தில் இருந்தாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சோற்றுக் கரண்டியை எடுத்து வேராவின் தட்டில் சோறு போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்க, தமிழில்:

"பொய் சொல்லாத சனம், இஞ்சையப்பா. பிள்ளையைக் குடுக்கலாம்."