ரோட்டருக்கு ஒரு பூசை

இயேசு மரி சூசை துணை

பிடோக்,
14.3.1983

அன்பு மகள் ஜோதிக்கு,

ஆண்டவர் கிருபையில் அம்மாவும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. உன் தம்பி லாசரஸுக்குத் தெம்பனிஸில் அரசாங்க வீடு கிடைத்துவிட்டது, பஸ்ஸே வராத காட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று புலம்புகிறான். அப்பா முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார்.

உன் கடிதத்தை அப்பா உரக்க வாசித்தார். ஜெனரேட்டருக்குள் சுழல்கிற ரோட்டரின் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் குளிர வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், சின்ன ஜெனரேட்டரே ஓர் ஊருக்கு வெளிச்சம் கொடுக்கும் என்று எழுதியிருந்தாய், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, குளிரைக் காக்கும் உறையில் எங்கோ கசிவு, கம்பி கொஞ்சம் சூடானாலும் ஹீலியம் ஒரேயடியாக ஆவியாகிச் சீறும், ஆனாலும் உன் மேலதிகாரி வியாழக்கிழமை முழு வேகத்தில் சுழற்றிப் பார்த்தே தீருவேன் என்கிறார், நீ பக்கத்தில் நின்று அளவு பார்க்க வேண்டும் என்று. பிரஷர் குக்கர் விசில் அடைத்துக்கொண்டாலே அடுப்படியை விட்டு ஓடுகிறவள் நான். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம், வாயை மூடிக்கொண்டு நிற்கிற உன்மேலும் கோபம்.

அதனால் உன் ரோட்டர் நல்லபடியாகச் சுற்றி நிற்க வேண்டுமென்று நேற்று ஒரு பூசைக்குக் காணிக்கை கொடுத்தேன். மகளுக்கு ஆபத்தான வேலை என்று கோயில் உபதேசியாரிடம் சொல்லித்தான் கொடுத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கான வேண்டுதல் கருத்துகளை அவர் பூசையில் வாசித்து முடித்தார், உன் பெயர் வரவில்லை. மரித்தவர்களின் பெயர்களில் கடைசியாக, அருள்ஜோதி சிலுவைராஜ் என்றார். நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் என்று சபையே சொன்னது, பழக்கத்தில் என் வாயும் கூடச் சொல்லிவிட்டது ஜோதி. உபதேசியார் பிறகு ஓடிவந்து, "பேப்பர் மாறிப்போச்சு பிரிஜட்டம்மா, அடுத்த வாரம் சரியா வாசிச்சிடுறேன் லா" என்றார். அடுத்த வாரம் வருவதற்குள் வியாழன் போய்விடும். அப்பா சிரித்துத் தள்ளப் பார்த்தார், ஆனால் மத்தியானம் தட்டில் கை வைக்கவில்லை. உன் அறைக்கு டெலிபோன் போட்டார், நீ சோதனை முடியும்வரை லேபிலேயே தங்கியிருப்பதாகவும் தகவல் சொல்வதாகவும் உன் தோழி சொன்னாள். நீ இன்னும் கூப்பிடவில்லை.

வியாழனுக்கு முன் இந்தக் கடிதம் கடல் தாண்டி உன் கைக்கு வராது, தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் உட்கார்ந்திருந்தால் கோயிலில் வாசித்ததை நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். இதைப் படித்ததும் ஒரு தந்தி அடி, ஒரு வார்த்தை போதும். உன்னைத் தவிர வேறு யாரும் அங்கிருந்து எனக்குத் தந்தி அடிக்கக் கூடாது.

உன் அம்மா
பிரிஜட் சிலுவைராஜ்