திரும்பி வந்த அம்மன் போற்றி

10 ஜூன் 2024

பொன்னுத்தங்கத்தின் முதல் வருஷ நினைவு நாள் நேற்று முடிந்தது. காலையில் மண்டபத்து மேனேஜர் போன் போட்டார். "அண்ணாச்சி, உங்க புக்கு நாக்காலிக்கு அடியில, கை கழுவுற எடத்துலன்னு அம்புட்டும் கெடக்கு. கூட்டித் தள்ளவா, வந்து எடுத்துக்கிடுதீகளா?"

போய் எடுத்து வந்தேன். நானே குனிந்து பொறுக்கினேன். சிலவற்றில் சாம்பார். பாயசம் மட்டும் ஒரு டம்ளர்கூட மிஞ்சவில்லை.

அம்மன் போற்றிப் புத்தகம். உள்ளே நூற்றெட்டு போற்றி, பின் அட்டையில் என் வீட்டுக்காரி பொன்னுத்தங்கத்தின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. இத்தனை வருஷக் குடும்பத்தில் அவளைத் தனியாக ஒரு படம் எடுத்து வைக்க எனக்குத் தோன்றியதில்லை. சாகும் வரை அவளும் கேட்டதில்லை.

பிரஸ்காரர் ஜாபஸ் அன்றைக்கே சொன்னார், ஆயிரம் போதும் என்று. நான் விட்டேனா? பிளேட் செலவு ஒன்றுதான், பேப்பர் என்னுடையது, ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஐயாயிரம் அடித்தேன். மலிவாக முடித்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

14 ஜூன்

மருமகள் ரோஷினி: "மாமா, முன் ரூம்ல ஏசி மாட்ட ஆள் வருது. அத்தை கட்டு எல்லாத்தையும் எங்கன வைக்க?"

அத்தை கட்டு. மிஞ்சிய புத்தகக் கட்டுகளுக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

23 ஜூன்

கட்டுகளைக் குடோனுக்கு மாற்றியாயிற்று. குடோன் ஆள் முனியராஜிடம், எடைக்குப் போடும் பேப்பரோடு சேராமல் ஓரமாக வை என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கத்தான் செய்வான். பழைய பேப்பர் வாங்கி சிவகாசிக்கு வெடிக் குழாய் சுற்றக் கொடுக்கிறவன் நான். கோயில் மலர், ஜெபப் புத்தகம், சாமி பாட்டு, எல்லாம் என் தராசில் ஏறியிருக்கின்றன. எந்தச் சாமிக்கும் நான் ஓரவஞ்சனை செய்ததில்லை. கிலோவுக்கு ஒரே விலை.

சாமி புத்தகத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அதனால் என்னிடம் போடுவார்கள். பாவத்தை நான் வாங்கிக்கொள்வேன், காசை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக இதுதான் தொழில். ஒருநாள்கூட உறுத்தியதில்லை.

ஜாபஸிடம் கேட்டேன், உங்கள் சபையில் மிஞ்சுவதை என்ன செய்வீர்கள் என்று. "என்ன செய்ய? கோயில் மாடியில பழைய பாட்டுப் புஸ்தகம் கரையான் அரிக்குது. எவனும் தூக்கிப் போடவும் மாட்டான், எடுத்துப் பாடவும் மாட்டான். கரையான் ஒண்ணுதான் அண்ணாச்சி ஒழுங்கா சபைக்கு வருது."

சிரித்தேன். நல்ல மனுஷன்.

19 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, அம்மன் கோயிலில் கூட்டம் இருக்கும், அங்கே வைத்தால் ஆளுக்கொன்று எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு இரண்டு கட்டோடு போனேன். கோயில் கணக்கர் என்னை மடப்பள்ளிக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே நாலு சாக்கு. எல்லாம் இதே மாதிரி. எவனோ அப்பாவுக்கு அடித்தது, எவளோ மாமியாருக்கு அடித்தது. அட்டைக்கு அட்டை செத்தவர் முகம்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. உங்க தொழில்தான. இதையும் ஏத்திட்டுப் போயிருங்க."

இரண்டு கட்டு கொடுக்கப் போனவன் நாலு சாக்கும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தேன். விலை பேசித்தான். வியாபாரி வேறென்ன செய்வான்?

21 ஜூலை

சிவகாசி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பருப்பு வடை வாங்கினேன். கிழித்த புத்தக அட்டையில் வைத்துக் கொடுத்தான். எண்ணெய் ஊறி பொன்னுத்தங்கத்தின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தது.

எங்கே கிடைத்தது என்றேன்.

"ஒரு கட்டு எடைக்கு வந்துச்சு அண்ணாச்சி. நல்ல கெட்டி அட்டை. எண்ணெய் கையில எறங்குறதே இல்ல பாத்துக்கோங்க."

அந்தக் கெட்டி அட்டையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

கட்டில் மிச்சமிருந்ததை அவனிடமே வாங்கிக்கொண்டேன். வடையைத் தின்னவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்று தெரியாது.

23 ஜூலை

முடிவு செய்துவிட்டேன். விருதுநகர், சிவகாசி, விஸ்வநத்தம் பக்கமுள்ள பழைய பேப்பர்க்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்: அந்தப் புத்தகம் எங்கே கிடைத்தாலும் எனக்கு. ஒன்றுக்கு ஐந்து ரூபாய். எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய்கூடத் தேறாது.

மகன் மணிகண்டராஜ் கேட்டான், "அப்பா, பைத்தியமா?"

அவள் முகத்தில் எவனும் கை துடைக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்குப் பேரு பைத்தியம்னா இருந்துட்டுப் போகுது.

26 ஜூலை

வருகின்றன. தள்ளுவண்டிக்காரர்கள், இரும்புக் கடைக்காரர்கள். சாம்பார் கறை, மழை நனைந்தது, பிள்ளைகள் கிறுக்கியது. முனியராஜ் எண்ணி வாங்குகிறான். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

30 ஜூலை

மச்சான் ஜெயபாண்டி வந்தார். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பையில் ஒரு முழுக் கட்டு. ஊரில் எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்று வாங்கிப்போனவர் கட்டைப் பிரிக்கவே இல்லை.

"மத்தவனுக்கு என்ன வெலையோ அதே போதும் மச்சான். சொந்தத்துக்குள்ள கூடுதலாக் கேக்க மாட்டேன்."

கொடுத்தேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

4 ஆகஸ்ட்

ஏதோ சரியில்லை. வரத்து குறைய வேண்டிய நேரத்தில் கூடுகிறது. அழுக்கே இல்லாத புத்தகங்கள். விபூதி வாசனை, சூட வாசனை. இவை குப்பையிலிருந்து வரவில்லை. பூசை அலமாரியிலிருந்து வருகின்றன.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நல்ல விலை சொன்னால் சரக்கு வெளியே வரும். அதை எங்கே போய்ச் சொல்லியிருக்கிறேன், பார்.

இன்று வந்ததில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். ஓரமெல்லாம் விரல் பட்டு நைந்து போயிருக்கிறது. பின் அட்டையில் பொன்னுத்தங்கத்தின் நெற்றியில் குங்குமம், தினமும் வைத்து வைத்து மேடு தட்டியிருக்கிறது. யாரோ அவளுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷமாக நான் வைக்காத பொட்டு.

யாருடையது என்று கேட்டேன். விஸ்வநத்தத்து மூக்கம்மாள் கொடுத்தது என்றான் முனியராஜ். நம்மிடம் பேப்பர் எடுத்து வீட்டில் வைத்துக் குழாய் சுற்றுகிறவள்.

அஞ்சு ரூபாய்க்கா கொடுத்தாள்? அவள் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அஞ்சு ரூபாய் என்று சொன்னது யார்?

9 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

ரோஷினி பூசை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஐயாயிரம் அடித்த வீடு. ஒன்று கொண்டுவந்து நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. "மாமா, கோவிச்சுக்கிடாதீக. அது வேண்டாம்."

"ஏன்?"

"அதுல போற்றி தப்பா அச்சாயிருச்சாமே. வீட்டுல இருந்தா ஆகாதாம். அதான் நீங்களே காசு குடுத்துத் திருப்பி வாங்குதீகன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்க அம்மாகூட நேத்தே குடுத்துட்டாக."

"உன் வீட்டுக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுகளும் அப்படித்தான் நெனைச்சாக மாமா. தப்பில்லாத சரக்க நீங்க காசு குடுத்து வாங்க மாட்டீகளாம்."

பெத்த மகன். என்னை எப்படித் துல்லியமா எடை போட்டு வச்சிருக்கான்.

10 ஆகஸ்ட்

கண்ணாடி போட்டு உட்கார்ந்து முதல் போற்றியிலிருந்து கடைசி வரை எழுத்து எழுத்தாகப் படித்தேன், தப்பு தேடி. அச்சுக்குப் போகுமுன் படித்தவன் இல்லை. அட்டையும் கூலியும் மட்டும்தான் பார்த்தேன். தப்பு இல்லை. ஒரு புள்ளிகூட.

ஜாபஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மூணு தடவை புரூப் பாத்தேன் அண்ணாச்சி. சாமி சமாசாரம், ஒரு எழுத்து மாறிரக் கூடாதுன்னு. இப்போ என்ன சொல்லுதாக தெரியுமா? சர்ச்சுக்குப் போற வேதக்காரன் அடிச்சான், வேணும்னே மாத்திட்டான்னு. ஆடிக்கு ரெண்டு கோயில் நோட்டீஸ் ஆர்டர் கைய விட்டுப் போச்சு."

"நான் எல்லாருக்கும் சொல்லுதேன்."

"சொல்லாதீக. நீங்க ஏதாவது சொன்னா அதுக்கும் ஒரு அர்த்தம் வச்சிருவாக. போதும், வச்சிருங்க."

போனை வைத்துவிட்டார். புத்தகத்தைக் கெடுத்தேன், அவள் பேரைக் கெடுத்தேன், இந்த மனுஷன் பிழைப்பில் எதற்குக் கை வைத்தேன்?

11 ஆகஸ்ட்

ஐந்து ரூபாயை நிறுத்திவிட்டேன். இப்போது சும்மாவே கொண்டுவந்து குடோன் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

விஸ்வநத்தம் போனேன். குங்குமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு.

மூக்கம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பசை. "வாங்க மொதலாளி, வெயில்ல நிக்கீகளே" என்று எழுந்தவள், என் கையிலிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா இதக் குடுத்தே?"

"எனக்கு மட்டும் குடுக்க ஆசையா? எம் மருமக மாசமா இருக்கா மொதலாளி. மந்திரம் தப்புன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னுட்டாக. அந்த அக்கா சுமங்கலியாப் போன மகராசி. என்னமும் ஒண்ணுன்னா அவுக மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன்."

தப்பு இல்லை என்றேன். நம்பவில்லை. பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். நூற்றெட்டும். வாய்விட்டு. என் குரலில் ஒரு போற்றி நானே கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூக்கம்மாள் பசைக் கையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கூடவே வந்தாள். முடிந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"தப்பு இல்லதான்."

"அதைத்தான சொல்லுதேன்."

"அப்ப எதுக்கு மொதலாளி திருப்பி வாங்குனீக?"

வடை என்று சொல்ல வாய் எடுத்தேன். வேறுதான் வந்தது. "குப்பையில கெடந்துச்சும்மா. மனசு கேக்கல."

"குப்பையில கெடந்தா குப்பைக்குப் போயி எடுக்கணும். எங்க வீட்ல இருந்தது குப்பையா?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே கேட்டாள். புத்தகத்தை அவள் வீட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

16 ஆகஸ்ட்

ஆடி முடிந்தது.

17 ஆகஸ்ட்

தீபாவளி சீசன். குழாய்க்குப் பேப்பர் கேட்டு நாலு கம்பெனியிலிருந்து போன். முனியராஜ் ஓரத்துக் கட்டுகளைக் காட்டி, "அண்ணாச்சி, இதையும் ஏத்தவா?" என்றான்.

குழாய்க்கு வேண்டாம் என்றேன். பேப்பர் மில்லுக்குப் போகட்டும். கூழாகிவிட்டால் முகம் இருக்காது, எழுத்து இருக்காது, யார் காலிலும் மிதிபடாது. சாமி புத்தகத்தை என்ன செய்வது என்று இனி எவன் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கோயிலில் வாங்கிய நாலு சாக்கையும் அதோடு ஏற்றச் சொன்னேன். மற்றவர்கள் வீட்டுச் செத்தவர்களும் கூட வரட்டும். அவளுக்குத் துணை.

மதியம் நான் சாப்பிடப் போயிருந்தபோது மூக்கம்மாள் பேப்பர் எடுக்க வந்தாளாம். முனியராஜிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "புக்கு முன்ன இருந்த எடத்துலயே இருக்குன்னு மொதலாளிட்டச் சொல்லு. ஆளு வந்தா துணியப் போட்டு மூடிருதேன். அவுக வெளிய எங்கயும் சொல்லிர வேண்டாம்."

சொல்ல மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.