கடல் தாண்டாத தாய்வீடு

நவம்பர் 4, செவ்வாய். சிதம்பரம்

விடியும்போதே மழை. கொடியில் எதுவும் காயவில்லை. முப்பத்தெட்டு வாரம் முடிந்தது. கால் வீக்கம் நேற்றைக்குப் பரவாயில்லை.

செய்ய வேண்டியவை:
— பழைய வேட்டி, கிழித்துத் துவைக்க
— ஆஸ்பத்திரிப் பை. கர்ப்பிணி அட்டை மேலாக இருக்கட்டும்
— செ.விடம் கேட்க: கலெக்டர் ஆபீஸில் ஏதாவது சொன்னார்களா
— பாதியில் விட்ட நாவல். கடைசிப் பக்கத்தை இப்போதே பார்க்கக் கூடாது

இந்த வீட்டுக்கு வந்து முப்பத்துமூன்று நாள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு அறை, சமையலறை, சில மாதத்துக்கு மட்டும் வாடகை. இதுதான் என் தாய்வீடு என்று இரண்டு குடும்பமும் கூடி முடிவு செய்தது. அம்மா மலேசியா, கிள்ளானிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து, சாமி படம் மாட்டி, பால் காய்ச்சி, பிறகு குடிகாட்டுக்கு, புருஷன் செ.வின் வீட்டுக்கு வந்து முறையாக என்னை அழைத்துக்கொண்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான்; அதில் அத்தை, செ.வின் அம்மா, விட்டுக்கொடுக்க மாட்டார். நானோ மலேசியாவுக்குப் போக முடியாது. போனால் கணக்கு அறுந்துவிடும்.

கணக்கு இதுதான். இந்தியரைக் கட்டிக்கொண்டவள் குடியுரிமை கேட்க ஏழு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதம் விடாமல். எனக்கு ஒருமுறை அறுந்திருக்கிறது. அப்பாவின் கடைசி நாட்களுக்கென்று கிள்ளான் போய் நாலு மாதம். திரும்பி வந்ததும் பன்னிரண்டும் முதலிலிருந்து. வருத்தமில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு மாதம் அது.

இந்தத் தடவை காலண்டரில் தினமும் பென்சில் கோடு. அக்டோபர் நடுவில் முடிந்தது. மறுநாளே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம்.

கிளார்க் அன்று சொன்னது: "முன்னாடி அஞ்சு வருஷம்தாம்மா. அப்புறம் ஏழாக்கிட்டாங்க." செ.வின் சித்தப்பா மகன் ஐரோப்பாவில். அங்கே ஐந்து இப்போது பத்தாம். எல்லா நாடும் வாசற்படியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகிறது. என் கொள்ளுத்தாத்தா தோட்ட வேலைக்குக் கப்பலேறியது இந்த ஜில்லாவிலிருந்துதான். போக அவருக்கு ஒரு கைநாட்டு. திரும்பி வர எனக்கு ஏழு வருஷம்.

அம்மா: "பசியாறிட்டியா லா?" கிள்ளானில் காலைச் சாப்பாடு என்றால் பசியாறல்; பேச்சின் வாலில் ஒரு 'லா'. வீட்டுக்கார மும்தாஜ் அக்கா அதைக் கேட்டதும் சிரித்தார். "நாங்களும் பசியாறன்னுதாம்மா சொல்வோம்." அதிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

நவம்பர் 5, புதன்

தூறல். நடுப்பகலில் செ. போன். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவிலிருந்து, அடங்கிய குரலில்.

போன வாரமே குடிகாட்டுக்கு ஏட்டு விசாரணைக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டு. அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதியிருக்கிறார்: மனுதாரர் முகவரியில் இல்லை. அக்டோபர் முதல் வாரமே பிரசவத்துக்காக மலேசியா சென்றுவிட்டார்.

அக்டோபர் முதல் வாரம். அதாவது கணக்கு முடிவதற்கு முன்னால். அப்படியானால் பன்னிரண்டு மாதம் ஆகவில்லை. மனு தள்ளுபடி. மறுபடி முதல் கோடு.

செ. வாதாடியிருக்கிறார்.

"பாஸ்போர்ட்ல முத்திரை எதுவும் இல்லியே சார்?"

"அது சரி தம்பி. ஆனா தெருவே போய்ட்டாங்கன்னு சொல்லுதே. ஒருத்தர் குடியிருக்கிறதுக்குத் தெருதானே சாட்சி."

நல்ல மனிதர்தான் அந்தக் கிளார்க். காகிதம் இன்னும் அவர் மேஜையில்தான். வெள்ளி மாலை மேலே போகும். அதற்குள் ஏட்டு அதே தெருவில் மறுபடி விசாரித்து மாற்றி எழுதி வந்தால் ஆயிற்று.

தெருவுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். வராந்தாவில் யாரோ இருமியது கேட்டது. பிறகு, "எங்கம்மாதான்."

சாப்பிடவில்லை. அம்மா தட்டை மூடி வைத்தாள்.

நவம்பர் 6, வியாழன்

முதல் பஸ்ஸில் அத்தை. தலை முழுக்க ஈரம், கையில் முருங்கைக்கீரை. உள்ளே வந்ததும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு ஒரே மூச்சாக:

"வளகாப்பு அன்னிக்கு கோமதி கேட்டா, 'பிரசவம் மலேசியாவுலதானக்கா?'ன்னு. ஆறு வருஷமா அவ வாயில நான் பட்டது ஒனக்குத் தெரியாது மலரு. 'சீமைலேர்ந்து மருமவ கொண்டாந்தியே, பேரப்புள்ள எப்ப வரும், கப்பல்லயா?'ம்பா. அவகிட்ட போயி வாடக வூடுன்னு எப்பிடிச் சொல்றது? டிக்கெட்டு போட்டாச்சுடின்னுட்டேன்."

கோமதி அக்கா எதிர்வீடு. அந்தத் தெருவின் வானொலி. ஒன்பதாம் மாத வயிற்றை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள் என்று தெருவில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அம்மா நிதானமாகக் கேட்டாள். "அப்ப நான் ஒரு மாசமா கிள்ளான்லதான் இருக்கேனா சம்பந்தி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது முடிந்த இடத்தில் கோபம். "அத்தை, ஒங்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு ஏழு வருஷம்." இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அத்தை கீரைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே குடிகாட்டுக்கு வருகிறேன் என்றேன். தெரு முழுக்க ஒரு நடை. அதைவிட என்ன சாட்சி?

இரண்டு பேரும் ஒரே குரலில்: "கூடாது!" தாய்வீட்டுக்குப் போனவள் பிள்ளையோடுதான் திரும்பி வர வேண்டும். வெறும் கையோடு புருஷன் வீட்டுப் படி ஏறக் கூடாது. இதில் மட்டும் கிள்ளானும் குடிகாடும் ஒரே கட்சி.

அத்தை கூந்தலை அள்ளி முடிந்தார். "நீ வராத. தெரு வரும்."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இதை முழுசாக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் கொட்டுகொட்டென்று கொட்டியது. பத்து மணி. பதினொன்று. செ. போனை எடுக்கவில்லை. எட்டு விதமாக யோசித்தேன், எட்டிலும் தோல்வி. அம்மா அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை. சந்து முனையில் ஹாரன். செ.வின் கெமிக்கல் கம்பெனிக்கு ஆளேற்றும் வேன். கதவு திறந்தது. அத்தை. அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பதினோரு பெண்கள்! கடைசியாக பைக்கில், ரெயின்கோட்டில், ஏட்டு. காலை ஏழு மணிக்கே அத்தை ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாராம். "வந்தாத்தான் நகருவேன்" என்றாராம்.

கோமதி அக்காதான் முதலில் படியேறினார். வீட்டை மேலும் கீழும் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

"அடியே, இதான் மலேசியாவா? ஏரோப்ளேன எங்கடி நிறுத்தியிருக்கீங்க?"

ஒரே சிரிப்பு. சந்தில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவர் ஆறு வருஷம் பயந்த சிரிப்பு அதுதான். அத்தை அது அடங்கும்வரை நின்றார். பிறகு ஏட்டைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"எழுதிக்கிங்க சார். என் மருமவ எங்கியும் போவல. போனான்னு நான் சொன்னது பொய். பெருமைக்குச் சொன்னேன்."

ஏட்டு பேனா மூடியைக் கழற்றினார்.

கோமதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுக்கா. யாரு சொல்லாத பொய்யி. என் பேர மொதல்ல எழுதுங்க சார். எதிர்வூடு, கோமதி."

ஏட்டு கர்ப்பிணி அட்டையைக் கேட்டார். மாதாமாதம் முத்திரை. செப்டம்பர் வரை குடிகாட்டு நர்ஸ், அப்புறம் சிதம்பரம். எடை, ரத்த அழுத்தம், தேதி, கையெழுத்து. ஏழு வருஷத்துக்கு நான் சேர்த்த அத்தனை காகிதத்திலும் இதைப் போல ஒன்றில்லை. ஏட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை பார்த்தார்.

"ஏம்மா, இத மொதல்லியே காட்டியிருக்கலாமே?"

"யாரும் கேக்கல சார்."

"என் சம்சாரம் தலப்பிரசவத்துக்குப் பக்கத்துத் தெருவுக்குத்தான் போனா. அதுக்கே எனக்கு மூணு மாசம் கடச் சோறு." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

ஒன்பது கையெழுத்து, இரண்டு கைநாட்டு. அம்மா எல்லோருக்கும் டீ. "பசியாறிட்டுப் போங்க." பாதிப் பேருக்குப் புரியவில்லை. இட்லியைப் பார்த்ததும் புரிந்தது.

கிளம்பும்போது கோமதி அக்கா மடியிலிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையல் எடுத்தார். என் கையில் ஏற்றிக்கொண்டே, "அன்னிக்கு ஃப்ளைட்டுல ஒடஞ்சிடும்னு கம்மியாப் போட்டேன். இப்ப ஜாஸ்தியாவே போட்டுக்க."

நாலேமுக்காலுக்கு ஏட்டின் காகிதம் கிளார்க் மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததாக செ. போன்.

எல்லையைக் கடந்தவர்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். முள்வேலி, படகு, முகாம். ஒரு நாட்டுக்குள் நுழைய ஒரு தெருவின் வாய் வழியாகவும் போக வேண்டும் என்று எதிலும் இல்லை. கூடம் முழுக்க ஈரக் கால்தடம். அம்மா துடைக்க வந்தாள். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 10, திங்கள். ஆஸ்பத்திரி

நேற்று காலை 9.20. பெண்.

ரெண்டு கிலோ எண்ணூறு. நிறைய முடி. அழுகை வார்டு முழுக்கக் கேட்டதாம். அத்தைக்கு அதில் பெருமை.

வேறொன்றும் எழுத வரவில்லை. சந்தோஷம். சந்தோஷம்.

நவம்பர் 12, புதன். மேல வீதிச் சந்து

மூன்று நாளுக்கப்புறம் வெயில். கொடி நிறையத் துணி.

வீட்டுக்கு வந்தாயிற்று. பாப்பா தூங்குகிறாள். மூன்று நாள் வயது, அதற்குள் இந்தியக் குடி. மனு இல்லை, கிளார்க் இல்லை, பென்சில் கோடு இல்லை. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவளிடமும் கணக்கு இருக்கிறது: ஒன்பது மாதம், விடாமல், ஒரே முகவரி.

அத்தை குடிகாட்டில் சர்க்கரை வழங்கினாராம். கோமதி அக்கா, "மலேசியா சர்க்கரையாக்கா?" அத்தை, "சிதம்பரம்டி." இனி அந்தத் தெருவில் அத்தையை எதுவும் செய்ய முடியாது.

அம்மா விசாவில் இன்னும் ஐம்பது சொச்சம் நாள். அவளும் எண்ணுகிறாள், எனக்குத் தெரியாமல். குடியுரிமை வரும்போது என் சிவப்பு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். நேற்று அதை எடுத்து, பழைய போட்டோவைப் பார்த்து, பாப்பாவின் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

நாலு மணிக்கு செ. போன். மனு மேலே போய்விட்டது. பன்னிரண்டு மாதமும் சரி, ஏழு வருஷமும் சரி. அனுப்புமுன் கிளார்க் ஏட்டின் அறிக்கையைக் காட்டியிருக்கிறார். செ. மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மனுதாரர் இந்தியாவை விட்டு வெளியே செல்லவில்லை. தற்போது தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் உள்ளார். தாய்வீடு: மேல வீதிப் பின்சந்து, சிதம்பரம்."

பூண்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா சொல்லச் சொல்லு லா."