கராத்துவில் ஒரு ஞாயிறு

5 மே 2025, திங்கள்

ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஈதன் கட்டிய முன்பணம் திரும்பி வராது. இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த அவன் கைப்பேசி பிப்ரவரியிலிருந்து என் அலமாரியில் கிடந்தது. கண்ணாடி ஒரு மூலையில் நொறுங்கியிருக்கிறது, மற்றபடி வேலை செய்கிறது. திறக்கும் எண் எனக்குத் தெரியும் - நான் முதலில் வாங்கிய லோரியின் நம்பர். அருஷாவில் சஃபாரி வண்டி நடத்துகிற காட்லிசன் என்பவனின் செய்திகள் வரிசையாக நின்றன. அவனுக்கு விஷயம் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்?

ரத்து செய்தால் பணம் வருமா என்று மட்டும் ஆங்கிலத்தில் தட்டினேன். உடனே பதில். "ஈதன், என் சகோதரா, எங்கே போனாய்? பயந்தே விட்டேன். முன்பணம் திரும்பாது. செப்டம்பர் இன்னும் உனக்காகத்தான் இருக்கிறது."

அவன் இறந்துவிட்டான், நான் அவன் அப்பா லூகாஸ். இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. 'வேலை அதிகம்' என்று எழுதினேன்.

ஏன்?

9 மே

ஈதன் போட்ட பயணத் திட்டத்தை எண்ணெய் ஆலை வாசலில், எடைக்குக் காத்திருந்தபோது படித்தேன். செம்பனைப் பழம் ஏற்றிய லோரிகள் சாலை வரைக்கும் நின்றன. பிப்ரவரிக்குப் பிறகு ஒரு லோரியை நானே ஓட்டுகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசுகிறது.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மூன்று பேர் போவதாகத் திட்டம். டாரங்கிரே, மன்யாரா, செரெங்கெட்டி, கடைசியில் கொரொங்கோரோ. எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் காடுகள். ஒன்றின் வாசலில் வெளியேறினால் அடுத்ததன் வாசல் அதிக தூரமில்லை. கடைசி இரண்டுக்கும் நடுவே வேலியே கிடையாதாம்.

இது என் கணக்கு. புக்கிட் பெலிம்பிங்கில் பழம் ஏற்றினால் வருகிற வழியில் இருக்கிற சின்னத் தோட்டங்களையும் சேர்த்து ஒரே சுற்றில் முடிக்க வேண்டும். வெறும் லோரி ஓடக் கூடாது. இதைச் சொல்லித்தான் பிழைத்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு ஐந்து லோரி இப்படித்தான் வந்தது. சின்ன வயதில் ஈதன் என் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டே வருவான். தூங்கவில்லை போலிருக்கிறது.

14 மே

செரண்டா பழைய சாலையில் நின்றிருந்த ஒரு லோரியில்தான் ஈதன் மோட்டார் சைக்கிளோடு மோதினான். மழை. பின்விளக்கு இல்லை. என் லோரி இல்லை அது. என் லோரிகளும் அப்படி நின்றிருக்கின்றன.

21 மே

தினமும் காட்லிசனோடு பேச்சு. மதியம், ஆலை வாசலில். நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தட்டுகிறேன்.

வரைபடத்தில் செரெங்கெட்டிக்கு மேலே ஒட்டினாற்போல, நாட்டு எல்லைக்கு அப்பால், மாசாய் மாரா காடு இருக்கிறது. பக்கத்தில்தானே, அதையும் சேர்த்துவிடலாமே என்று கேட்டேன். அந்த எல்லையில் சுற்றுலா வண்டிகளுக்குத் திறந்த வாசல் இல்லையாம். வேறு பக்கம் நெடுந்தூரம் சுற்றிப் போய், கடப்பிதழில் முத்திரை குத்திக்கொண்டு, அடுத்த நாட்டு வண்டியில் ஏற வேண்டும். "அந்த வழியில் விசா இல்லாமல் போவது காட்டுமாடுகள் மட்டும்தான், சகோதரா." சிரித்துவிட்டேன். பக்கத்து லோரிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு எழுதினான்: "கொஞ்ச நாளாக நீ வியாபாரி மாதிரி பேசுகிறாய். அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா?"

மேலே தள்ளிப் பார்த்தேன். ஜனவரியில் அவன் எழுதியதும் இன்று நான் எழுதியதும் ஒரே பக்கத்தில், ஒரே பச்சைக் கட்டங்களில். எங்கே அவன் நின்றான், எங்கே நான் தொடங்கினேன் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. நடுவில் அவன் குரல் பதிவுகள் சில. அழுத்தவில்லை.

2 ஜூன்

என் மனைவி மவுரீன் தேறி வருகிறாள். மறுபடி மார்க்கெட்டுக்குப் போகிறாள். நேற்று சார்டின் மீனில் காரச் சம்பால் வைத்தாள், அவன் போன பிறகு முதல் தடவை. மதியத்தில் படுப்பதில்லை, கைப்பேசியோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். நல்லது, பாட்டு ஜெபம் எதையாவது பார்க்கட்டும்.

சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். "என்னங்க, ஒருத்தரோட நம்பர கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவானா?"

பில் கட்டாமல் விட்டால் கொடுப்பான் என்றேன்.

"ஈதன் நம்பருக்கு நாம கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

ஆமாம் என்றேன். அதை நிறுத்தச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை, நிறுத்த வேண்டாம் என்றாள். இன்னொரு துண்டு சார்டினை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

4 ஜூன்

லோரி ஓட்டுகிற சசிகுமாரிடம் செப்டம்பரில் ஆப்பிரிக்கா போகலாம் என்று நினைக்கிறேன் என்றேன். எதற்குச் சொன்னேனோ. "குரங்கு பாக்கவா பாஸ்? புக்கிட் மலாவத்தியில சும்மாவே வந்து கைய புடிக்குது லா." பிறகு அவனாகவே குனிந்து டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினான். ஈதனோடு மலையேறிக் குரங்குகளைப் படம் எடுத்தவன் அவன்தான்.

மவுரீனிடம் பயணத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். காடு பார்க்கிற மனசு இல்லை, நீங்கள் வேண்டுமானால் போய் வாருங்கள் என்றாள். அவளில்லாமல் நான் எங்கே போவேன். கல்யாண நாள் இரண்டு பேருக்கும்தானே.

17 ஜூன், செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

திட்டத்தில் ஒரு நாள் வெறும் லோரி. மன்யாராவுக்கும் செரெங்கெட்டிக்கும் நடுவே கராத்து என்ற சின்ன ஊரில் ஒரு ஞாயிறு முழுக்கத் தங்கல். காடு இல்லை, மிருகம் இல்லை, வண்டி சும்மா நிற்கும், அதற்கும் வாடகை. முதல் நாளிலிருந்தே கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. இதை எடுத்துவிட்டு நேரே செரெங்கெட்டிக்கு ஓட்டு, மிச்சத்தைக் கழித்துக் கொடு என்று எழுதினேன்.

காட்லிசனின் பதில், எடைமேடைக்கு இன்னும் மூன்று லோரி இருந்தபோது வந்தது.

"ஈதன், இது நீ சொன்னதுதான். எல்லாவற்றிலும் கை வை, அந்த ஞாயிறை மட்டும் தொடாதே என்றாய். அப்பா இந்தத் திட்டத்தைப் பார்த்தால் முதலில் அந்த நாளைத்தான் வெட்டுவார், எவ்வளவு பேரம் பேசினாலும் விட்டுக்கொடுக்காதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். இப்போது நீயே வெட்டுகிறாயே. நலமாக இருக்கிறாயா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நகர்த்தினேன். எடை போட்டேன். பழம் கொட்டினேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது.

என்னை எவ்வளவு துல்லியமாக எடை போட்டு வைத்திருந்தான்!

18 ஜூன்

எதற்கு அந்த ஞாயிறு? யாரிடம் கேட்பது?

19 ஜூன், வியாழன்

காட்லிசனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து மதியம் கைப்பேசியைத் திறந்தேன். 'நான் ஈதன் இல்லை' என்று தட்டி அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது திரையின் மேலே ஒரு செய்தி இறங்கியது.

அம்மா: சாப்டியா பா

தள்ளிவிடப் பார்த்ததில் விரல் பட்டது. திறந்துகொண்டது. அவள் வரிக்குக் கீழே வேறொன்றும் இல்லை. மேலே பிப்ரவரியில் அவள் கேட்டது - ரெயின்கோட் எடுத்தியா.

திறந்தால் அங்கே இரண்டு நீலக் குறி விழும். அவள் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகன் படித்துவிட்டான் என்று.

ஐயோ, என்ன செய்துவிட்டேன். எத்தனை மதியம் - நான் இங்கே பேரம் பேசினேன், அவள் அங்கே - சார்டின் சம்பால், மார்க்கெட், அந்த நம்பர் கேள்வி - எல்லாம் அதுதானா? மரமண்டை. ஊரில் ஒருத்தன் என்னை ஏமாற்ற முடியாது என்று பேச்சு வேறு.

லோரியை வரிசையிலேயே விட்டேன். ஆலை வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்ற சசிகுமாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஏற்றிய பழத்தை நடுவில் விட்டு வந்ததில்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசி கையில். முகத்தில் - அதை எழுத மாட்டேன். நான் என் சட்டைப் பையிலிருந்து அவனுடையதை எடுத்துக் காட்டினேன்.

20 ஜூன்

நேற்று அவள் அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"மே மாசத்துலருந்து."

"மதியம் மதியம் பாப்பேன். ஆன்லைன்னு காட்டும். கொஞ்ச நேரத்துல போயிரும். நான் ஒண்ணும் அனுப்பல. அனுப்பினா நின்னுருமோன்னு பயம். நேத்துதான் மனசு கேக்கல." அனுப்பியது நேற்று இல்லை, அன்றைக்கு மதியம்தான். நாள்கூடக் குழம்பிவிட்டது அவளுக்கு.

சஃபாரிக்காரனோடு பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அந்த ஆளோடு என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். காடுகளின் வரிசை, எல்லை வாசல், காட்டுமாடு விசா எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறை வெட்டப் பார்த்ததையும் அதற்கு வந்த பதிலையும் சொன்னேன்.

அப்போதுதான் அவள் முகம் அசைந்தது.

"அது எனக்கு. பூசைக்கு. அந்த ஊர்ல மாதா கோயில் இருக்காம், தங்குற எடத்துலருந்து நடந்தே போலாம்மான்னான். அப்பாகிட்ட இப்ப சொல்லாத, வெட்டிருவார்னு சிரிச்சான்."

எழுந்து வந்து கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இனிமே இந்த நம்பர் ஆன்லைன் வரக் கூடாது. வந்தா, அது அவனாத்தான் இருக்கணும்."

சரி என்றேன்.

அறை வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "அந்த ஞாயிறு இருந்தா நானும் வரேன்."

29 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் என் சொந்த நம்பரிலிருந்து காட்லிசனை அழைத்தேன். மவுரீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஈதனின் அப்பா என்றேன். பிப்ரவரியில் மகன் விபத்தில் போய்விட்டான், இத்தனை நாள் அவன் பெயரில் எழுதியது நான் என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

ஞாயிறை வெட்டச் சொன்ன அன்றே தனக்குச் சந்தேகம் வந்தது என்றான். கொஞ்ச நேரம் அழுதான். முன்பின் பார்க்காத ஆள். பிறகு மவுரீனிடம் பேச வேண்டும் என்றான். அவன் என்ன சொன்னானோ, அவள் உம், உம் என்று கேட்டுக்கொண்டு, நடுவில் ஒரு தடவை, மழை பெய்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்தாதே, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றாள்.

30 ஜூன்

ஐந்து லோரிக்கும் பின்விளக்கு மாற்றியாயிற்று.

6 ஜூலை, ஞாயிறு

கூடத்தில் விளக்கு இல்லாத இருட்டிலும் ஏதோ சத்தம் கேட்டது போல இன்னும் திரும்பிப் பார்க்கிறோம், இரண்டு பேரும். ஒருவரிடம் ஒருவர் சொல்வதில்லை. அவன் கைப்பேசி மாதா படத்துக்குப் பக்கத்தில் அணைந்து கிடக்கிறது. பில் மட்டும் கட்டுகிறோம்.

இன்று காட்லிசனோடு பேசி முடித்தேன். பெரியவர்கள் இருவர், தனி வண்டி, செப்டம்பர். டாரங்கிரே, மன்யாரா, ஞாயிறு கராத்து, செரெங்கெட்டி, திரும்பும் வழியில் கொரொங்கோரோ. மூன்றாவது சன்னல் இருக்கையில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது. மழையில் சாலையோரம் நிறுத்தக் கூடாது. ஈதனின் முன்பணம் கழிந்தது போக மீதி, இருவருக்கும் சேர்த்து, 4,150 அமெரிக்க டாலர். காட்டு நாட்களில் நூற்றைம்பது குறைத்தான். ஞாயிற்றுக்கு முழு வாடகை.