மஞ்சக்குப்பமே கை தூக்கியது

786

மஞ்சக்குப்பம், கடலூர்
10-6-1963

பினாங்கில் இருக்கும் அருமை மகன் அப்துல் ஜலீலுக்கு அம்மா சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தாவின் இருமல்கூட நின்றுவிட்டது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வயிற்றுவலி என்று எழுதியிருந்தாய், கடைச் சாப்பாட்டில் காரம் ஜாஸ்தியாக இருக்கும், ராத்திரியில் மோர் விட்டுச் சாப்பிடு. காடாம்புலியூர் சடையப்பன் பலாப்பழம் கொண்டுவந்து போட்டார், வீடு முழுக்க வாசனை, உனக்குப் பிடித்த பழம் என்று எனக்குச் சுளை இறங்கவில்லை.

உன் போன கடிதத்தை உன் தங்கை அஸ்மத்தான் வாசித்தாள். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர தமிழ் எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். அவள் பி.யூ.சி. வரை படித்தது போதும், இனிமேல் சிதம்பரம் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம், மாப்பிள்ளை பாருங்கள் என்று நீ எழுதியிருந்ததை ஒரு வார்த்தை விடாமல் வாசித்து, கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் அத்தாவும் மூத்தவன் சொல்வதுதான் சரி என்றார். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது, பொறுமையாகப் படி.

போன வாரம் டில்லியிலிருந்து டாக்டர் பஸீஹுத்தீன் சாகிபு வந்திருந்தார். பெரிய மந்திரியாக இருந்தவர், படிப்பாளி, எத்தனையோ புத்தகம் எழுதியவர். நம் ஜமாஅத்தார் மைதானத்தில் பந்தல் போட்டு வரவேற்பு வைத்தார்கள், பெண்களுக்கு ஒரு பக்கம் படுதா கட்டியிருந்தார்கள். அவர் இங்கிலீஷில் பேசுவதாகவும், கலியமூர்த்தி வக்கீல் அதைத் தமிழில் சொல்வதாகவும்தான் ஏற்பாடு. என் அண்ணன், அதுதான் உன் ஹிதாயத்துல்லா மாமா, காரில் கூட்டி வரும்போது எங்க ஜனங்களுக்கு உருதுன்னா உசுரு என்று அவரிடம் அளந்துவிட்டார், வக்கீலையும் திருப்பி அனுப்பிவிட்டார். முஸ்லிம்களுக்கு உருது தெரியாது என்றால் டில்லிக்காரர் நம்மை மட்டமாக நினைப்பார் என்று மாமாவுக்கு பயம். அப்புறம் என்ன, அவர் உருதுவில் மழையாகப் பொழிகிறார், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாத் தலையும் ஆடுகிறது. உருது பேசுகிற நாலைந்து வீட்டார் மட்டும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தார்கள். உன் அத்தா முன்வரிசையில் உட்கார்ந்து வாஹ் வாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தார், படுதா ஓட்டை வழியாக நானே பார்த்தேன்.

அந்தப் பெரியவர் கெட்டிக்காரர். பேச்சை நிறுத்திவிட்டு என்னவோ கேட்டார். ஹிதாயத்துல்லா மாமா கை தூக்கினார், அதைப் பார்த்துப் பந்தலே கை தூக்கியது, உன் அத்தா இரண்டு கையையும் தூக்கினார். உருது வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பேசுவது புரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றுதான் அவர் கேட்டாராம்!

அவரும் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், யாராவது எனக்கு உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்த அஸ்மத் எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள், உருது தெரியாது, உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் தலையாட்டுகிறார்கள் என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். இதெல்லாம் அப்புறம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் படுதாப் பக்கம் திரும்பி, புரியாமல் கை தட்டுகிறவர்களை டில்லியில் நிறையப் பார்த்திருக்கிறேன், புரியவில்லை என்று சொன்ன ஆளை இங்கேதான் பார்த்தேன், பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, படுதா மறைக்கிறது என்றார். மைக்கைப் படுதாவுக்கு அடியில் தள்ளிவிடச் சொல்லி, நீயே தமிழில் சொல்லம்மா என்றார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். தப்பு உங்களுடையது இல்லை, விருந்துக்கு வருகிறவன் வீட்டுக்காரர் என்ன பேசுவார் என்று கேட்டுக்கொண்டல்லவா வர வேண்டும், எட்டு பாஷை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை என்றார் பார், அவ்வளவு பெரிய மனுஷர், கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார், அதைத் தமிழில் சொல்லுமுன் அஸ்மத் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்தப் பெண்ணைப் படிக்க வைத்த தகப்பனார் எழுந்து நிற்க வேண்டும், நான் அவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும். அதுதான் அவர் சொன்னது. அவளும் ஒரு சொல் குறைக்காமல் சொல்லி முடித்தாள். உன் அத்தா எழுந்து நின்றார் ஜலீல், தலை நிமிரவில்லை. பந்தலே கை தட்டியது. இந்த முறை புரிந்துதானே தட்டுகிறீர்கள் என்று பெரியவர் கேட்டதற்குச் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். உன்னைப் பெற்றபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

மாமா வந்து, பொம்பளப் புள்ள கொரலு மைக்குல போச்சே, எவன் கட்டுவான் என்றார். அது கொரலு மைக்குல போனதால உங்க மானம் காத்துல போவாம நின்னுச்சு அண்ணே என்றேன், போய்விட்டார். மறுநாள் உன் அத்தா டீ குடித்துக்கொண்டே, சிதம்பரத்துல காலேஜ் எப்ப தொறக்குறாங்க என்று பொதுவாகக் கேட்டார். எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்தான், ஆனா ஜலீலு மூத்தவன், அவன் ஒரு வார்த்த சொல்லட்டும் என்றார். ஆகையால் உன் பதிலுக்காகத்தான் இந்த வீடு காத்திருக்கிறது.

மழையில் நனையாதே. வெள்ளிக்கிழமை தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதுகிறவளும் அஸ்மத்தான். தன்னைப் பற்றிப் பெருமையாக எழுத மாட்டேன் என்று நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், டில்லிக்காரர் சொன்னதைக் குறைக்காமல் சொன்னவள் பெற்றவள் சொல்வதை மட்டும் குறைப்பாயா என்று அதட்டித்தான் எழுத வைத்தேன். நீ பதில் எழுதும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள் மகனே, வேண்டாம் என்று எழுதினால் அதையும் எனக்கு அவள்தான் வாசித்துக் காட்டுவாள், ஒரு வார்த்தை விட மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்கையா பீவி